நிலம் தரும் கை போதும். வாங்கும் கை எழுக!

தமிழ்நாட்டு அரசு தொழில் வளர்க்கின்றது என்கின்றனர். எவ்வாறு வளர்க்கின்றது? நிலம் கொடுத்து வளர்க்கின்றது. நீர் கொடுத்து, மின்னாற்றல் கொடுத்து, சாலை போட்டு, வரியைத் தள்ளி வளர்க்கின்றது. கொடுக்கும் கை ஓயாது நீள்கின்றது. ஆனால் அவ்வரசுக்கே உரிய மற்றொரு கை, பொருள் வாங்கும் கை, மடங்கியே கிடக்கின்றது. அந்தக் கை நிமிர்ந்து நீண்டாலன்றித் தமிழ் இளைஞன் பிறன் தொழிற்சாலையில் கூலிக்குத் திருகாணி முடுக்குபவனாகவே இருப்பான்; புதியதொன்றைப் படைப்பவனாக ஆகான்.

வல்லம் வடகாலைக் காண்க. திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே கிடக்கும் ஊர். ‘கால்’ என்பது நீரோடும் வாய்க்காலுக்கும் பெயர், இடத்திற்கும் பெயர். எதனால் அமைந்ததாயினும் ஏரியும் கழனியுமாய் இருந்த நிலத்தின் பெயர் அது. இன்று அது தொழிற்பூங்காவின் பெயர். மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட்டு அங்கு மனை வகுத்துக் குத்தகைக்குக் கொடுத்தது. 2017இல் இராயல் என்பீல்டு நிறுவனத்தின் ஈருருளித் தொழிற்சாலை அங்கு இயங்கத் தொடங்கிற்று. வானூர்தித் தொழிலுக்கெனத் தனிப்பூங்கா ஒன்று ஒதுக்கப்பட்டது. 2024 ஆகசுட்டு 17ஆம் நாள், 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான விடுதி 706 கோடியே 50 இலக்கம் உருபாச் செலவில் எழுந்து திறக்கப்பெற்றது. பாக்சுகான் என்னும் அயல்நாட்டு நிறுவனத்தில் கைப்பேசி கோக்கும் பெண்களுக்காக அரசுக் கழகம் எடுத்த விடுதி அது. ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் பெண்கட்குப் பாதுகாப்பான உறைவிடம் அமைத்தல் நற்செயலே, அதனைக் குறைகூறுதற்கில்லை. எனினும் ஒன்று விளங்குகின்றது. அயலான் தொழில் செழிக்க வேண்டுமாயின் எழுநூறு கோடியும் இந்நாட்டில் திரட்ட முடியும்.

அதே பூங்காவில் ஆளில்லா வானூர்திகளை ஆய்ந்து சான்று தரும் பொது ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவுதற்கு 2024 சூலைத் திங்களில் நடுவணரசின் பாதுகாப்பு அமைச்சகம் உடன்படிக்கை எழுதிற்று. ஏறத்தாழ 45 கோடி உருபாத் திட்டம். செலவின் பெரும்பகுதி தில்லியின் நல்கை. நிலம் தமிழகத்தினது. கூடத்தை அமைத்து நடத்தும் நான்கு நிறுவனக் கூட்டின் தலைமை யாருடையது? கெல்ட்ரானுடையது. கெல்ட்ரான் என்பது கேரள அரசின் மின்னணு நிறுவனம்.

மலையாளத்தாரைப் பழித்தற்கு இது சொல்லப்படவில்லை. அவர்கள் போட்டியிட்டு வென்று வந்துளர். சேரநாடும் தமிழ் வழங்கிய நாடே. பழிக்கத்தக்கது வேறு. கெல்ட்ரான் தோன்றியது 1973இல். தமிழ்நாட்டு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டு தோன்றியது 1977இல். இரண்டிற்கும் இடையே நான்காண்டே. முன்னது கடற்படைக்கு வேண்டும் நுண்கருவிகளைச் செய்து பழகி, ஐம்பதாண்டு கழித்து அண்டை நாட்டிற்கே தலைமை தாங்க வருகின்றது. பின்னது நாளடைவில் துறைகளுக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுக்கும் முகவராகவும், மென்பொருள் நிறுவனங்களுக்கு நிலமும் கட்டடமும் விடும் மனைக்காரராகவும் ஆயிற்று. ஒன்று கருவி செய்தது. மற்றொன்று விலைப்பட்டியல் பார்த்தது.

ஆய்வுக்கூடம் எழுகின்றது என்றே கொள்வோர் கொள்க. அதில் தேறிய வானூர்தியை வாங்குவோர் யார்? தேர்வு மண்டபம் கட்டி, தேறிய மாணவனுக்கு வேலை வைக்காத நாடு போன்றதன்றோ அது? தில்லி இதனை உணர்ந்துளது. 2018 ஏப்பிரல் 12ஆம் நாள், அற்றைக் காஞ்சிபுர மாவட்டத்துத் திருவிடந்தைக் கடற்கரையில் நடந்த படைக்கலக் கண்காட்சியில்தான் ‘ஐதெக்சு’ என்னும் திட்டத்தைத் தலைமையமைச்சர் தொடங்கிவைத்தார். அதன் நடைமுறை எளிது. படைத்துறை தன் சிக்கலை வெளிப்படச் சொல்லும். தீர்வு காட்டும் இளநிறுவனத்திற்கு முதலில் நல்கை தரும். கருவி தேறினால் தானே வாங்கும். அவ்வழியில் சென்னையின் இளநிறுவனம் ஒன்று, எதிரியின் ஆளில்லா வானூர்தியை முறியடிக்கும் கருவிக்கென 200 கோடி உருபாவிற்கு மேற்பட்ட ஆணை பெற்றது. மூளை தமிழகத்தது, வாங்கும் அறிவு தில்லியது.

‘தில்லிக்குப் படை உண்டு, தமிழக அரசிற்குப் படையில்லையே’ என்பர் சிலர். உண்மை. படையில்லை. ஆனால் அரசு மருத்துவமனை உண்டு, பல்லாயிரம் பள்ளி உண்டு, பேருந்து உண்டு, மின்வாரியம் உண்டு, ஏரியும் மதகும் உண்டு, நகர்தோறும் சாக்கடை உண்டு. ஆண்டுதோறும் இவற்றிற்கென்று அவ்வரசு வாங்கும் பொருள் அளவிறந்தது. தமிழகத்தில் அதனினும் பெரிய வாங்குவோன் இல்லை. அவன் எதைக் கேட்கின்றானோ அதையே தொழிலாளி செய்வான். எதைக் கேட்கவில்லையோ அது பிறவாது.

இதற்கு வல்லம் வடகாலின் பக்கத்திலேயே சான்றுளது. சுங்குவார்சத்திரத்தை அடுத்துச் சாம்சங்கு நிறுவனத்தின் தொழிற்சாலை 2007 முதல் இயங்குகின்றது. அதற்கு நிலம் தந்தோம் என்று பெருமைப்படுவோர், அந்நிறுவனம் எவ்வாறு வளர்ந்தது என்று கேட்டுளரா? தென்கொரியா தொலைபேசி இணைப்பகங்களை வெளிநாட்டாரிடம் வாங்கிக்கொண்டிருந்த நாடு. 1980களில் அந்நாட்டரசு தன் ஆராய்ச்சிக் கழகத்தைக் கொண்டு ‘தி.தி.எக்சு.’ என்னும் புதிய இணைப்பகத்தை வரைவித்தது. உள்நாட்டு நிறுவனங்கள் நான்கினை அதில் சேர்த்தது. செய்து முடித்தால் அரசின் தொலைபேசித் துறை வாங்கும் என்பதே அவற்றிற்கு ஊக்கம். 1986இல் இணைப்பகம் இயங்கிற்று. அந்நால்வருள் ஒருவர் சாம்சங்கு. கொரிய அரசு வாங்கும் கையால் வளர்த்த பிள்ளை, தமிழக அரசின் கொடுக்கும் கையில் நிலம் பெறுகின்றது.

அமெரிக்காவும் இதற்கு விலக்கன்று. இன்று எல்லாக் கருவிக்குள்ளும் இருக்கும் மின்னணுச் சில்லு 1958, 1959ஆம் ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டபோது, விலையோ மிகுதி, வாங்குவாரோ இல்லை. முதலில் வாங்கியவை வான்படையின் ஏவுகணைத் திட்டமும் நிலவிற்கு ஆளனுப்பும் திட்டமுமே. அரசு வாங்க வாங்க விலை வீழ்ந்தது. பிறகே கடைத்தெருவிற்கு வந்தது. தடையற்ற சந்தை என்று உலகுக்கு ஓதுவோர் தம் வீட்டில் அரசின் பணப்பையைக் கொண்டே தொட்டில் ஆட்டினர்.

இந்தியாவிலும் ஒருகால் அறிவு வேலை செய்தது. 1984இல் நிறுவப்பெற்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நடுவமாகிய ‘சி-தாட்டு’, சிற்றூர்களுக்கென 128 இணைப்புக் கொண்ட சிறு இணைப்பகத்தை வடித்து 1986இல் கருநாடகத்துக் கித்தூரில் நிறுவிற்று. வெளிநாட்டு இணைப்பகங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும். இதற்கு வேண்டாம். வெயிலும் புழுதியும் உள்ள நாட்டுக்கு எது பொருந்துமோ அதைக் கேட்டனர், அது பிறந்தது. கேட்ட முறையே படைப்பின் பாதி.

சென்னையிலேயே இன்னும் பெரிய சான்று உளது. 1955இல் பெரம்பூரில் தொடங்கிய தொடரிப் பெட்டித் தொழிற்சாலை, 2018இல் தனி இழுபொறி வேண்டாத விரைவுத் தொடரியைப் பதினெட்டுத் திங்களில், ஏறத்தாழ நூறு கோடி உருபாவில் செய்து காட்டிற்று. வெளிநாட்டிலிருந்து அத்தகைய தொடரியை வாங்கியிருப்பின் இதனினும் பன்மடங்கு செலவாகியிருக்கும். பெரம்பூரின் பொறிஞர் எவ்வெவ்வுறுப்பு வேண்டுமென்று வரைந்து கேட்டனர். உள்நாட்டுச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் அதுகாறும் செய்திராத உறுப்புகளைச் செய்து தந்தன. அதன்பின் நிகழ்ந்தவை இரண்டு. ஒன்று: தமிழ்நாட்டில் தமிழ்த் தொழிலாளர் கையில் பிறந்த அப்பிள்ளைக்கு ‘வந்தே பாரத்து’ என்று வடமொழிப் பெயர் சூட்டினர். பெற்றவள் பெரம்பூரில், பெயர் வைத்தவன் தில்லியில். மற்றது இதனினும் கொடிது. துணிந்து வாங்கிய அலுவலர் சிலர்மீது கண்காணிப்புத் துறையின் உசாவல் பாய்ந்தது. குற்றமில்லையென்று பின்னர் முடிந்தது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் அவர்தம் பதவி உயர்வும் மன அமைதியும் என்னவாயின? அடுத்து வரும் அலுவலன் எதைக் கற்றுக்கொள்வான்? பழைய பொருளைப் பழைய இடத்திலேயே வாங்கு, ஒருவனும் உன்னைக் கேட்கமாட்டான் என்பதைத்தான்.

தமிழகத்திலும் இவ்வச்சமே அரசு புரிகின்றது. ஒப்பந்தப்புள்ளிகளில் ஊழல் ஒழிய வேண்டுமென்று 1998இல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. வேண்டிய சட்டமே. அது வருமுன் நடந்த கூத்துகளை அறிந்தோர் அதனைக் குறைகூறார். ஆனால் அச்சட்டத்தின் உயிர்நாடி, தகுதியுடையாருள் மிகக் குறைந்த விலை சொன்னவனுக்கே கொடுப்பது என்பது. சுண்ணாம்பும் செங்கலும் வாங்க அந்த அளவுகோல் போதும். இதுவரை இல்லாத பொருளை எந்த விலையோடு ஒப்பிடுவது? மேலும், ஒப்பந்தப்புள்ளிகளில் வழக்கமாகக் கேட்கும் தகுதிகளைக் காண்க: கடந்த மூன்றாண்டில் இத்தகைய பொருளை விற்ற பட்டறிவு, இத்தனை கோடி விற்றுமுதல், இத்தனை இலக்கம் முன்வைப்புத் தொகை. புதியதைச் செய்தவனுக்குப் பழைய விற்பனை எங்ஙனம் இருக்கும்? நீச்சல் தெரிந்த சான்று கொண்டுவந்தால்தான் குளத்தில் இறங்கலாம் என்பதை ஒத்தது இது.

இளநிறுவனங்களிடம் 50 இலக்கம் உருபா வரை ஒப்பந்தப்புள்ளி இன்றி நேரே வாங்கலாம் என அரசு வழி திறந்துளது என்பர். திறந்தது நன்று. ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஐம்பது இலக்கத்தில் ஒரு நகராட்சிக்கு ஒரு கருவி காட்சிக்கு நிற்கும், தொழில் நிற்காது. நடுவணரசு தன் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழிலாரிடம் வாங்க வேண்டுமென்று ஆணையிட்டுளது. அதுவும் நன்றே, ஆனால் சிறியவனிடம் வாங்குவது வேறு, புதியதை வாங்குவது வேறு. சிறியவனிடம் பழைய நாற்காலியை வாங்கினாலும் அக்கணக்கில் சேரும்.

இனிச் சாக்கடைக்கு வருதல் வேண்டும். அறிஞர் மாநாடுகளில் புத்தாக்கம், புத்தாக்கம் என்று முழங்குவோர் இறங்கிப் பாராத இடம் அது. ஆள்நுழை குழிக்குள் இறங்கி நச்சுவளி தாக்கி மாண்டோரின் கணக்கை நடுவணரசு நாடாளுமன்றத்தில் வைத்தபோதெல்லாம், 1993க்குப் பிற்பட்ட காலத்திற்குத் தமிழகமே முன்வரிசையில் நின்றது. மனிதர் மலம் அள்ளும் தொழிலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலக்கம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் வரையறுத்ததை, 2023 அத்தோபரில் முப்பது இலக்கமாக உயர்த்திற்று. சட்டம் தடுத்தது, நீதிமன்றம் இழப்பீடு உயர்த்திற்று. குழிக்குள் ஆள் இறங்குவது நின்றதா? நிற்க வேண்டுமாயின் ஆளுக்கு மாற்றாகக் கருவி இறங்க வேண்டும். கருவி இறங்க வேண்டுமாயின் அதனை ஒருவன் வாங்க வேண்டும். சாக்கடையை வைத்திருப்பவன் யார்? அரசும் நகராட்சியுமே. கருவியைத் தனியார் எவரும் வீட்டுக்கு வாங்கப் போவதில்லை. இந்த ஒரு சந்தையில் அரசைத் தவிர வாங்குவோரே இல்லை. அரசு வாங்காவிடில் கருவி பிறவாது, பிறந்தாலும் வாழாது.

கேரளத்தில் பொறியியல் கற்ற இளைஞர் சிலர் ஆள்நுழை குழியைத் துப்புரவு செய்யும் எந்திரன் ஒன்றை ஆக்கினர். அம்மாநிலத்தின் இளந்தொழில் இயக்கமும் நீர் வாரியமும் கைகொடுத்தன. 2018இல் திருவனந்தபுரத்தில் அது பணியில் இறங்கிற்று. பின்னர் மாநிலம் பலவற்றிற்கும் சென்றது. தமிழகத்திலோ, சென்னை கிண்டியிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தார் கழிவுத்தொட்டிக்குள் சுழன்று படிவை உடைத்து உறிஞ்சும் பொறி ஒன்றை வடித்தனர். 2022இல் அது களத்துக்கு வந்தது. எப்படி வந்தது? அரசின் ஒப்பந்தப்புள்ளியால் வந்ததா? அன்று, நிறுவனங்கள் தம் குமுகப் பொறுப்பிற்கென ஒதுக்கிய அறக்கொடைப் பணத்தால் வந்தது. தொட்டிக்குள் கணவரை இழந்த பெண்கள் சிலர் கையில் அப்பொறி ஒப்படைக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்த எவர் நெஞ்சும் உருகும். ஆனால் உருகிய நெஞ்சோடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உயிர் காக்கும் பொறி அறக்கொடையாலா ஊர் சேர வேண்டும்? வரிப்பணம் எங்கே போயிற்று?

வழி தெரியாத அரசன்று தமிழக அரசு. துப்புரவுத் தொழிலாளரையே முனைவோராக்கி, அவர்தம் கழிவகற்றும் ஊர்திகளுக்குப் பல்லாண்டுப் பணி உறுதியைச் சென்னைக் குடிநீர் வாரியம் அளித்தது. பணி உறுதி இருந்தமையால் வங்கி கடன் கொடுத்தது. கடன் கிடைத்தமையால் ஊர்தி வந்தது. அதற்கும் முன்னர், 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பெற்றது. மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே மருந்து வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுக்கூடத்தில் ஆய்ந்து, பிறகே மருத்துவமனைக்கு அனுப்பும் அம்முறையைப் பிற மாநிலங்கள் வந்து கற்றுச் சென்றன. மருந்து வாங்குவதில் நாட்டிற்கே ஆசானாக நின்றவர்கள், எந்திரம் வாங்கும்போது ஏன் மாணவனாகவும் ஆகவில்லை?

நிலம் மட்டும் கொடுத்தால் நேர்வது என்னவென்று திருப்பெரும்புதூர் முன்னரே கண்டுளது. 2006இல் நோக்கியா வந்தது. நிலமும் வரிச்சலுகையும் பெற்றது. பல்லாயிரம் இளைஞரும் பெண்களும் வேலை பெற்றனர். 2014 நவம்பர் முதல் நாள் உருவாக்கம் நின்றது. எட்டாண்டில் கோடிக்கணக்கான கைப்பேசிகள் அங்கிருந்து போயின. கைப்பேசி வரையும் அறிவு ஒரு துளியேனும் அங்கே தங்கிற்றா? வேலை போனது; வீட்டுக் கடன் நின்றது. மண்ணைக் கொடுத்தவன் கையில் மண்ணே மிஞ்சிற்று. அரசே வாங்குவோனாய் நின்று, ‘எனக்கு இன்னது வேண்டும், இங்கேயே வரைந்து இங்கேயே செய்க’ என்று கேட்டிருந்தால் நிறுவனம் போனாலும் வரைபடம் போயிராது.

வாங்கும் கையால் தமிழுக்கும் உயிர் கொடுக்கலாம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் தமிழ்99 விசைப்பலகை பிறந்து அரசின் ஏற்பும் பெற்றது. 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் தொடங்கிற்று. இலக்கக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் அரசு, உலகத்தின் எந்தப் பெருநிறுவனத்தையும் வாயிலில் நிற்கச் செய்யும் ஆற்றலுடையது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 20 இலக்கம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவித்து, 2,000 கோடி உருபாவும் ஒதுக்கப்பட்டது. இத்துணைப் பெரும் கொள்முதலில், தமிழ்ப்பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள், அச்சுத் தமிழைப் படித்துணரும் மென்பொருள், பிழை திருத்தி ஆகியவற்றைத் தமிழகத்து இளைஞரே செய்து பொருத்த வேண்டுமென்று ஒரு வரி எழுதியிருந்தால் எத்துணை இளநிறுவனங்கள் முளைத்திருக்கும்! தமிழுக்கு மாநாடு கூட்டுவதற்கு ஆகும் செலவில் இதற்கு ஒரு பகுதியும் ஆகாது. மாநாட்டுப் பந்தலை மறுநாள் பிரித்துவிடலாம். இருபது இலக்கம் கணினிகளை எவரால் பிரித்தெறிய முடியும்?

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களையேனும் தமிழில் காணலாம் என்றால் பெரும்பாலும் அதுவும் இல்லை. தமிழே ஆட்சிமொழி என்று 1956இல் சட்டம் செய்த நாடு இது. வாலாசாபாத்திலோ திருப்பெரும்புதூரிலோ பட்டறை வைத்திருக்கும் வினைஞன், தொழிற்பயிலகத்தில் தமிழில் கற்றவன், கைவண்ணத்தில் எவர்க்கும் இளையான் அல்லன். நூறு பக்க ஆங்கில ஆவணத்தைப் பார்த்த அளவில் அவன் கை ஓய்ந்துவிடுகின்றது. ஆங்கிலம் படித்த இடைத்தரகன் நடுவில் புகுகின்றான். அறிவு ஒருவனது, ஆணை மற்றொருவனது, ஊதியம் மூன்றாமவனது.

ஆகவே வல்லம் வடகாலிலிருந்தே தொடங்கலாம். ஆளில்லா வானூர்தி ஆய்வுக்கூடம் அங்கே அமைகின்றது. 2022இல் அரசே நிறுவிய ஆளில்லா வானூர்திக் கழகமும் உளது. சுற்றிலும் காஞ்சி மாவட்டத்து ஏரிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன; செம்பரம்பாக்கம் அருகிலேயே உளது. 2015 திசம்பர் வெள்ளத்தில் அந்த ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றங்கரையில் என்ன செய்ததென்று சென்னை மறந்திராது. ஏரிகளின் நீர்மட்டத்தையும் கரையின் உடைப்பையும் மேலிருந்து கண்டு, கரையோர ஊர்க்கு இரவோடிரவாகத் தமிழில் குரல் கொடுக்கும் கருவி பொதுப்பணிக்கு வேண்டும். அதனை நீர்வளத்துறை கேட்கட்டும். விலை குறைந்ததையன்று, வேலை செய்வதைக் கேட்கட்டும். முன்விற்பனைச் சான்றுக்கு மாற்றாக அந்த ஆய்வுக்கூடத்தின் சான்றே போதுமென்று எழுதட்டும். முதலில் மூவர்க்குச் சிறு ஆணை கொடுத்து, ஒரு மழைக்காலம் முழுதும் மூன்று ஏரியில் ஓட்டிப் பார்த்து, வென்றதை நூறு ஏரிக்கு வாங்குவதாக முன்னரே உறுதி சொல்லட்டும். தோற்ற கருவிக்காக அலுவலனை உசாவலில் நிறுத்துவதில்லை என்று அமைச்சர் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். அவ்வொப்பந்தப்புள்ளி தமிழில் வெளிவரட்டும். காஞ்சி மாவட்டத்துத் தொழிற்பயிலகம் ஒவ்வொன்றின் அறிவிப்புப் பலகையிலும் அதன் படி ஒட்டப்படட்டும்.